மூன்றாவது கேள்விக்கு வெள்ளைப் பூ

இன்று கம்பெனியில் என் மேஜை இழுப்பறையைக் காலி செய்தேன். பழைய துணி மாதிரிகள், எழுதாத பேனாக்கள், யாரோ ஒரு வெள்ளைக்காரரின் விசிட்டிங் கார்டு. எல்லாவற்றுக்கும் அடியில் உன் அம்பு ஸ்டிக்கர் தாள். சிவப்பு. பாதி உரித்தது, பாதி மிச்சம்.

செக்கிங் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மேடம், அதுல பசை போயிருக்குமுங்க. ஒட்டாது. குப்பையில போட்டரட்டுங்களா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். உன்னிடம் சொல்கிறேன்.

அந்தத் தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். பசையின் வாசனை இல்லை. பஞ்சு வாசனைதான். இந்த ஊரில் எதை முகர்ந்தாலும் வரும் அதே வாசனை. ஆனாலும் நீ வந்துவிட்டாய். குழல்விளக்கின் கீழ் நிற்கிறாய். தைத்து வந்த பனியனை மேஜைமேல் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல். கண்ணில் பட்ட இடத்தில் ஓர் அம்பு. அந்தத் துணி 'ஆல்டர்' என்று தையல்காரரிடம் திரும்பிப் போகும். நீ ஒருபோதும் ஊசியைத் தொட மாட்டாய். காட்டுவதோடு உன் வேலை முடிந்தது.

*

நீ எங்கள் லைன் வீடுகளின் கடைசி வீட்டுக்கு வந்தபோது நமக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதும் அப்பா வெள்ளாமையை விட்டார். வீரபாண்டிப் பக்கம் எல்லோரும் செய்ததையே அவரும் செய்தார். நிலத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டார். உன் அப்பா டைலர். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு தேரிக்காட்டு ஊர். மண் சிவப்பாக இருக்கும் என்றாய். எங்கள் வாய்க்காலும் இப்போது சிவப்புதான் என்றேன். அன்றைக்குச் சாயப்பட்டறையில் என்ன நிறமோ அது.

பள்ளியில் நீ எங்கள் பேச்சைப் பேசினாய். 'ஏனுங்க', 'இல்லீங்க' எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. கோபம் வந்தால், வலி வந்தால், ஜெபம் பண்ணினால் மட்டும் தேரிக்காட்டுப் பேச்சு. முதன்முதலில் என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டபோது திட்டுகிறாய் என்று நினைத்து அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

வருடத்துக்கு ஒருமுறை உங்கள் ஊர்ச் சர்ச்சில், நீ 'கோயில்' என்பாய், அசனம். பெரிய கிடாரங்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். ஊர் மொத்தமும் மணலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. நீ போய்விட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசுவாய். ஒரு தூக்குவாளியில் எங்களுக்கும் கொண்டுவருவாய். பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் லேசாகப் புளித்திருக்கும். அம்மா அதைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு, "உங்க சாமி நல்லா காரம் திங்கும் போலிருக்குதுங்க கண்ணு" என்பாள்.

*

அம்மா கேட்கும் விதத்தைப் பற்றி நாம் நிறையச் சிரித்திருக்கிறோம்.

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஊரில் அதற்காக அவருக்கு மரியாதை உண்டு. வீட்டில் அதற்காக ஒரு தொழில்நுட்பம் உண்டு. எனக்குத் தத்துவம் படிக்க வேண்டும் என்றபோது அம்மா முதலில் சென்னை என்று கேட்டாள். முடியாது. சில நாள் கழித்து, கோயம்புத்தூர், ஹாஸ்டல். முடியாது. பிறகு ஒரு காலையில் இட்லியை வைத்துக்கொண்டே, "தினம் பஸ்ஸுல போயிட்டுப் பொழுதோட ஊட்டுக்கு வந்துருமுங்க." அப்பா இட்லியைப் பிட்டார். சட்னி கேட்டார். அதுதான் சம்மதம்.

"உங்கப்பா மனசு மாறலட்டி. உங்கம்மா கேள்வி மாறிருச்சு" என்றாய். அப்போது அது வெறும் கேலி.

நான் பஸ்ஸில் போய்ப் படித்து வந்தேன். நீ ஆடைத் தயாரிப்பில் டிப்ளமோ முடித்தாய். இருவரும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்தோம். நான் வெளிநாட்டாருக்கு மெயில் எழுதினேன். நீ தரம் பார்த்தாய்.

*

வயிற்று வலியை நீ முதலில் கேன்டீன் சாப்பாட்டின்மேல் போட்டாய். பிறகு ஷிஃப்ட்டின்மேல். கடைசியாகக் கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் வயதானவர். உன்னிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அதைத் தமிழில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நீ அந்தக் கருப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். துணியைப் பார்க்கும் அதே பார்வை. பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாய். டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஓர் அம்பை ஒட்டினாய்.

"ஆல்டர்" என்றாய்.

நான் வெளியே பார்த்தேன். பல்லடம் சாலையில் ஒரு லாரி நிறைய நூல் பைகள். அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"ஜெபம்னா இவ்வளவுதான் ஏட்டி. இங்க பாருங்கன்னு ஒட்டி விடுதது. தைக்கது அவரு வேலை."

"தைப்பாரா?"

"தெரியாது. ஒட்டாம எப்படித் தைப்பாரு?"

நான் அப்போது படித்ததைச் சொன்னேன். அப்படித்தான் இருந்தேன் அந்த வயதில். எல்லாம் அறிந்தவருக்கு நீ காட்ட என்ன இருக்கிறது. முழுமையானது மாறாது. மாறினால் அதற்கு முன்பு ஏதோ குறை இருந்தது என்றாகும். ஆகவே வேண்டுகிறவர்தான் மாறுகிறார், வேண்டப்படுகிறவர் அல்ல. உனக்குப் புரியட்டும் என்று நம் தொழிலிலிருந்தே உதாரணம் வேறு கொடுத்தேன். சரக்கு வாங்குகிறவரின் இன்ஸ்பெக்டர் ஒரு லாட்டை ஃபெயில் பண்ணுகிறார். நாம் எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்து மறுபடி வைக்கிறோம். பாஸ் ஆகிறது. இன்ஸ்பெக்டர் மாறவில்லை. துணி மாறியது.

நீ படத்தை உறையில் போட்டாய்.

"நான் திருந்தணும்னு ஜெபம் பண்ணலட்டி. வயித்துக்குள்ள இருக்கது போகணும்னு பண்ணுதேன்."

கோபம் இல்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

*

உங்கள் சபை ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். உபவாச ஜெபம். செருப்புகள் எங்கள் வாசல் வரைக்கும் கிடந்தன. அப்பா அவற்றைத் தாண்டிப் போனார். உள்ளே கைதட்டலும் அழுகையும். உன் அப்பா மட்டும் தையல் மிஷின் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போனபின் நீ சொன்னாய்: "நல்லாத்தான் கேக்காக. கண்ணீர் விட்டுக் கேக்காக. கடசியில 'ஆனாலும் உம்முடைய சித்தப்படி'ன்னு ஒரு வாலு. அத ஒட்டிக்கிட்டா தோக்கவே மாட்டாகட்டி. நான் பொழச்சா ஜெபம். செத்தா சித்தம்."

"அதுதானே பக்தி?"

"எனக்குப் பக்தி வேண்டாம். எனக்காக யாராவது சண்டை போடணும்."

நீ இதைச் சொன்னது சமையலறைப் பக்கம் கேட்டிருக்கும். அங்கே அம்மா உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மூலனூர் பஸ் ஏறினாள். எங்கே என்று சொல்லவில்லை. இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டங்கள் வந்தபோது தெரிந்துவிட்டது. குலதெய்வக் கோயில். பூக் கேட்கப் போகிறோம்.

அம்மா உனக்கு இதைச் சுருக்கமாகத்தான் சொன்னாள். முழுவதையும் இப்போது சொல்கிறேன்.

வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒன்றுபோலக் கட்டி ஆத்தா காலடியில் போடுவார்கள். கேள்வியைச் சொல்லி வேண்டிக்கொண்டபின், சம்பந்தமில்லாத யாராவது ஒருவர் கண்ணை மூடி எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் ஆத்தா உத்தரவு கொடுத்தாள். சிவப்பு என்றால் இல்லை. கல்யாணம், நிலம், கம்பெனி, எல்லாவற்றுக்கும் எங்கள் ஆட்கள் பூக் கேட்பார்கள். பக்கத்தில் நின்றிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா போர்வெல் போடலாமா என்று கேட்க வந்திருந்தார்.

பூசாரி பண்டாரம் கேட்டார்: "யாருக்குங்க கேக்கறது? என்ன கூட்டம்?"

எந்தக் குலம் என்று கேட்கிறார். அம்மா ஒரு நொடி தயங்கினாள்.

"நம்மூட்டுப் புள்ளைதானுங்க."

அவர் எங்கள் கூட்டத்தின் பெயரைச் சொல்லி மணியடித்தார். அம்மா கண்ணை மூடி வாய்விட்டே கேட்டாள். "ஆத்தா, அந்தப் புள்ளை பொழச்சு எந்திரிக்கோணும். உத்தரவு குடு."

போர்வெல் பெரியம்மா எடுத்தார். பண்டாரம் பிரித்தார். சிவப்பு.

"ஆத்தா வழி விடலீங்க. கேட்டதையே மறுக்காக் கேக்கக் கூடாது. தை கழிச்சு வாங்க."

"வேறொண்ணு கேக்கலாமுங்களா?"

"வேறன்னா கேக்கலாமுங்க."

மறுபடி கட்டினார்கள். "ஒரு வருசமாச்சும் இருக்கோணும் ஆத்தா."

சிவப்பு.

போர்வெல் பெரியம்மா தன் கையைப் பார்த்தார். "என்ற கை ராசியில்லீங்க போல. வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுங்க."

"இல்லீங்க. நீங்களே எடுங்க" என்றாள் அம்மா. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. இட்லித் தட்டோடு அப்பா முன்னால் நிற்பதுபோல நின்றாள். யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"அவ ஊரு கோயல்ல ஒரு சாப்பாடு போடுவாங்க ஆத்தா. அவ போயி ஒருவாய் திங்கோணும்."

பண்டாரம் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். மணியடித்தார்.

வெள்ளை.

அம்மா அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது முந்தானையைக் கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

*

உன்னிடம் வெள்ளைப் பூவை மட்டும் கொடுத்தாள். "ஆத்தா உத்தரவு குடுத்துட்டாங்க கண்ணு. நீங்க அசனத்துக்குப் போறீங்க."

நீ பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். தரம் பார்க்கிறவள் அல்லவா.

"இது பாஸ் ஆகுததுக்கு முன்னால எத்தன ஃபெயிலும்மா?"

அம்மாவுக்குப் பொய் வராது. சொன்னாள். குலம் கேட்டதையும், நம் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னாள்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"அப்ப ஆத்தா உங்க வீட்டுப் புள்ளைன்னு நெனச்சுப் பதில் சொல்லிட்டாளே. அந்த ரெண்டு சிவப்பும் எனக்கா, இவளுக்கா? மூணாவது மட்டுந்தான் எனக்கு. உங்க கூட்டத்துலதான் அசனம் கெடயாதே."

அம்மா இதை யோசிக்கவே இல்லை போலும். அவள் கை தானாக என் தலைக்கு வந்தது. அப்புறம் அதை எடுத்து உன் தலைமேல் வைத்தாள். எடுக்கவில்லை.

நீ சிரிப்பை நிறுத்தினாய். மெதுவாகக் கேட்டாய்: "இப்படிக் கேள்வியைச் சின்னதாக்கிக்கிட்டே போனா எந்தச் சாமியும் கடசியில ஆமான்னுதானம்மா சொல்லும்?"

"சின்னதுங்களா?" என்றாள் அம்மா. கொஞ்சம் ரோஷத்தோடு. "ஆத்தாளுக்கும் கையக் கட்டுனாப்புல எதாச்சும் இருக்கும் சாமி. நமக்கென்ன தெரியும். குடுக்க மாட்டேன்னு சொல்றவளா அவ? எது அவளால முடியும்னு நாந்தான தேடிப் பாக்கோணும்."

உன் அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

நான் படித்த எந்த வகுப்பிலும் கடவுளுக்காக யாரும் இப்படி இரக்கப்பட்டதில்லை.

*

மறுநாள் மதியம் கம்பெனி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். நீ அன்று சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வந்திருந்தாய்.

"நீயும் ஒருதடவை கேளேன் ஏட்டி."

"யாரை?"

"யாரையாவது. நம்பாதவ கேட்டா அவருக்குப் புதுசா இருக்கும். யாருடா இது புதுக் குரலுன்னு திரும்பிப் பாப்பாரு."

சிரித்துக்கொண்டே சொன்னாய். கண் சிரிக்கவில்லை.

கேட்டேன். அங்கேயே, கீழே துணியை அழுத்தும் காம்பேக்டிங் மிஷினின் இரைச்சலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று. கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கையால் மற்றதைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது, என்ன கேட்டாய் என்று பரீட்சை வைத்தாய்.

"'நீ இருந்தால் இவளை விட்டுவிடு'ன்னு."

"இருந்தாலா?" முகத்தைச் சுளித்தாய். "அதுவும் வாலுதான். எங்க ஆளுகளுக்குப் பின்னால வாலு. உனக்கு முன்னால. மறுபடியும் போ. வாலில்லாமக் கேளு."

மறுபடியும் போனேன். வாலில்லாமல் கேட்டேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல இவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கிற வெட்கம். அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தது. வாட்ச்மேன் மோட்டாரை நிறுத்தப் போனார்.

*

அசனத்துக்கு முந்தின வாரம் உனக்கு மருந்து ஏற்றும் நாள். அசனத்துக்குப் போக முடியாது என்றார் டாக்டர்.

"ரத்தத்துல அணு குறைஞ்சிருக்கும்மா. கூட்டத்துல போறது, வெளிச் சாப்பாடு, எதுவும் கூடாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்ற சொல்லுக்குப் பிறகு அவரும் உன்னைப் பார்க்கவில்லை.

"சரிங்க சார்" என்றாய். ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த நோயாளி கதவருகே வந்து நின்றார். நீ எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஃபைலை மூடினார், திறந்தார்.

"அப்படி என்னம்மா சாப்பாடு அங்க?"

சொன்னாய். கிடாரத்தின் விளிம்பு உன் நெஞ்சு உயரம் இருக்கும் என்று சொன்னாய். குழம்பைத் துடுப்பு போட்டுக் கிண்டுவார்கள். சோற்றைப் பாயில் கொட்டி ஆறவைப்பார்கள். பம்பாயில் இருக்கிறவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். பேசாதவர்கள்கூட ஒரே வரிசையில் உட்காருவார்கள். போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர் இந்த வருஷம் எங்கே என்று எல்லோரும் தேடுவார்கள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மேஜை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

"மருந்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கறேன். சூடா இருக்கறதை மட்டும் சாப்பிடணும். மூக்கை மூடிக்கணும். முடிஞ்சதும் நேரா இங்க வந்துரணும்."

வெளியே வராந்தாவில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"பாத்தியாட்டி. அவரு படிச்சது அப்படியே இருக்கு. ரிப்போர்ட் அப்படியே இருக்கு. என் ரத்தமும் அப்படியேதான் இருக்கு. நான் கதைதான் சொன்னேன். மாத்திட்டாரே."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாய்: "மனுசன் எறங்கி வந்தா நல்ல மனுசன்னு சொல்லுதோம். சாமி எறங்கி வந்தா மட்டும் உன் பொஸ்தகத்துல ஏன் கொறைன்னு போட்டிருக்கு?"

அதன்பிறகு நிறையப் படித்துவிட்டேன். கெட்டிக்காரத்தனமான பதில்கள் இருக்கின்றன. அந்த வராந்தாவில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பவளிடம் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் இல்லை.

*

பயண நாள் விடியலில் அம்மா அப்பாவிடம் கேட்கத் தயாராக இருந்தாள். எனக்கு அவள் வரிசை தெரியும். முதலில் கார். முடியாது என்றால் வாடகை வண்டி. அதுவும் முடியாது என்றால் நாங்கள் பஸ்ஸில் போவதற்காவது சம்மதம். லைன் வீட்டு ஆட்கள் யாரும் அந்தக் காரில் ஏறியதில்லை.

வாசலுக்கு வந்தோம். அப்பா காரைக் கழுவி முடித்திருந்தார். கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது.

"டீசல் போட்டாச்சு. முன் சீட்டைச் சாச்சு வெச்சிருக்கேன், அந்தப் புள்ளை படுத்துக்கட்டும். சீக்கிரம் கெளம்புனா வெயிலுக்கு முன்னாடி மருதை தாண்டிரலாம்."

அம்மா முதல் கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை விழுங்க அவளுக்கு நேரமாயிற்று.

கார் வீரபாண்டி பிரிவைத் தாண்டியபின் நீ பின்னால் திரும்பி என்னிடம் கிசுகிசுத்தாய். "இவருகிட்ட யாருட்டி ஜெபம் பண்ணுனா?"

"யாரும் பண்ணலை."

நீ வெகுதூரம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாய்.

*

மணல் உண்மையிலேயே சிவப்பு. பனைகளுக்கு நடுவே வெள்ளைக் கோபுரம். கிடாரங்களிலிருந்து ஆவி எழுந்தது. நீ காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரல்களை மணலுக்குள் நுழைத்தாய்.

அம்மா நெற்றியில் குங்குமமும் தலையில் மல்லிகையுமாக உன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எதிர் வரிசையில் இருந்த உன் சித்தி ஒருவர் அவளைப் பார்த்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அம்மா, "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். அப்பா உன் அப்பாவோடு ஆண்கள் வரிசையில் இருந்தார். ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள்.

குருவானவர் ஒலிபெருக்கியில் ஜெபம் பண்ணினார். மழைக்கு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, பிறகு உன் பெயரைச் சொல்லி உனக்கு. இந்த மகளைத் தொட்டுக் குணமாக்கும் என்றார். அங்கே நீ சத்தமாக, தனியாக, "ஆமென்" என்றாய். நாலைந்து பேர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். அவர் விடாமல், "ஆனாலும் உம்முடைய சித்தப்படி" என்று முடித்தார். ஊரே ஆமென் சொன்னது. நீ சொல்லவில்லை.

"வாலுக்கு முந்தியே முடிச்சிட்டேன்" என்றாய் என் காதில்.

சோறு வந்தது. குழம்பு வந்தது. ஆவி உன் முகத்தில் அடித்தது. மூக்கில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கினாய். முதல் வாய். கண்ணை மூடிக்கொண்டாய். அம்மா தன் இலையில் கை வைக்காமல் உன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கீழே இறங்கியதும் அவள் மூச்சு விட்டாள். தன் இலையிலிருந்த எலும்பை எடுத்து உன் இலையில் வைத்தாள்.

"போதும்மா."

"உள்ள சோறு இருக்குது பாருங்க கண்ணு. தட்டித் தின்னுங்க."

தட்டித் தின்றாய். சின்னப் பிள்ளைபோல, மஜ்ஜையைச் சத்தம் வர உறிஞ்சினாய். அடுத்த வாய்க்குச் சோற்றைப் பிசைந்து, அப்படியே வைத்துவிட்டாய். முடியவில்லை. ஆனாலும் இலையை மடக்கவில்லை. கடைசிப் பந்தி எழும்வரை கை காயக் காய அங்கேயே உட்கார்ந்திருந்தாய். யார் யாரோ வந்து உன் கன்னத்தைத் தொட்டுப் போனார்கள்.

திரும்பும் வழியில் பையைத் துழாவி ஸ்டிக்கர் தாளை எடுத்து என் மடியில் போட்டாய்.

"நீ வச்சுக்கோ. எங்கெல்லாம் சரியில்லன்னு தோணுதோ ஒட்டிக்கிட்டே இரு. தைக்கவரு தைப்பாரு, தைக்காமலும் போவாரு. அது வேற. நீ ஒட்டாம விட்டுராத."

*

மழைக்காலம் தொடங்கியபோது நீ போய்விட்டாய்.

மருந்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டதால்தானோ என்று யாரோ உன் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். இல்லை என்றார். பிறகு, "அப்படி இருந்தாலும் தள்ளித்தான் போட்டிருப்பேன்" என்றார். அவர் எதற்கு அதைச் சொன்னார் என்று முதலில் புரியவில்லை.

அம்மா இன்னமும் பூக் கேட்கப் போகிறாள். முதல் கேள்விக்குச் சிவப்புக் கொடுத்த அதே ஆத்தாளிடம்தான். கோபம் இல்லையா என்று கேட்டேன். "அவ மட்டும் என்ன சந்தோசமாவா குடுத்தா?" என்றாள்.

போன வாரம் இன்னொன்றும் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி முதல் கேள்விக்கே வெள்ளை வந்திருந்தா, அம்மா?"

அவள் யோசிக்கவே இல்லை. "அப்பவும் அந்தச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பமல்ல கண்ணு."

வெங்காயம் அவள் கண்ணிலும் என் கண்ணிலும் பட்டது. இருவரும் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டோம்.

கடவுள் மனம் மாறுவாரா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது. ஆனால் கேட்பதை நிறுத்த முடியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இப்போதும் போய் நிற்கிறேன். செக்கிங் பெண்ணின் தங்கைக்குக் காய்ச்சல் என்றால் போகிறேன். அப்பாவின் மூச்சிரைப்புக்குப் போகிறேன். பெரியதைத்தான் முதலில் கேட்கிறேன். பதில் வராவிட்டால் அம்மாவைப்போல அடுத்ததைத் தேடுகிறேன். வெட்கம் குறையவில்லை. வால் மட்டும் இல்லை.

இந்த மடலின் ஓரத்தில் உன் ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து ஒட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. பசை போய்விட்டது. நிற்கவில்லை.

விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எடுத்தால் விழுந்துவிடும். எடுக்கவில்லை.